ஸ்கேட்போர்டு பேட்டரி: லேப்டாப் செல் ஓடுமா? 10எஸ் 2பியா, 3பியா?

பலகைவண்டி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், தாம்பரம் பக்கம் ஹாஸ்டல். ஆறு மாதமாக ஒரு எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு செய்துகொண்டிருக்கிறேன். பலகை ஊரில் சித்தப்பா செய்து கொடுத்தது. அவர் தச்சர். எட்டு அடுக்கு பிளைவுட் ஒட்டி, 38 அங்குல நீளம், 9 அங்குல அகலம். ஏறி நின்றால் நடுவில் கொஞ்சம் அமுங்கும், அதுவே நன்றாக இருக்கிறது. மோட்டார் 6374 சைஸ், 190 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 190 சுற்று), ஒன்றுதான். பெல்ட் டிரைவ், 15க்கு 36 பல். சக்கரம் 83 மில்லிமீட்டர். மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் வெஸ்க் வகை, 60 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. இதுவரை லேப் பவர் சப்ளையில் சக்கரத்தைச் சும்மா சுற்றவிட்டுப் பார்த்ததோடு சரி.

பேட்டரியில்தான் நிற்கிறேன். என் முன்னால் இருக்கும் வழிகள் இவை. நண்பனின் மாமா லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். பழைய பேக்குகளை உடைத்து 18650 செல் (18 மில்லிமீட்டர் விட்டம், 65 நீளம் உள்ள உருளை) நாற்பது தருகிறேன் என்கிறார், இலவசம். இல்லையென்றால் ஆன்லைனில் 9900 எம்ஏஹெச் என்று போட்டு செல் 120 ரூபாய்க்கு வருகிறது, அதை 20 வாங்கி 10எஸ் 2பி கட்டலாம், அதாவது பக்கவாட்டில் இரண்டிரண்டாகச் சேர்த்து, அப்படிப் பத்தைத் தொடராக. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் சாம்சங் 30க்யூ இருக்கிறதாம், ஆனால் விலை மூன்று மடங்குக்கு மேல்.

என் எடை 68 கிலோ. ஒரு சார்ஜில் 15 கிலோமீட்டர் போனால் போதும். 60 வாட் சால்டரிங் அயர்ன் இருக்கிறது, ஸ்பாட் வெல்டர் இல்லை. நேராகச் செல் மேலேயே ஈயம் வைத்துவிடலாமா? பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் சர்க்யூட்) எத்தனை ஆம்ப்ஸ் வாங்குவது? 12எஸ் போட்டால் வேகம் கூடும் என்கிறார்கள், போடலாமா?

ஓசிசெல்

லேப்டாப் செல்லில் நான் ஒரு பவர் பேங்க், ஒரு எமர்ஜென்சி லைட், அப்பாவுக்கு ஒரு ரேடியோ எல்லாம் செய்திருக்கிறேன். ஸ்கேட்போர்டிலும் போட்டுப் பார்த்தேன். 10எஸ் 4பி, நாற்பது செல், உன் கணக்குதான். சமதளத்தில் மெதுவாகப் போகும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வோல்டேஜ் 38இலிருந்து 31க்கு விழும், வெஸ்க் சக்தியைக் குறைத்துவிடும், பலகை இருமும். ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறக் காலால் தள்ள வேண்டியிருந்தது. அப்புறம் கழற்றி மறுபடி எமர்ஜென்சி லைட்டே செய்துவிட்டேன்.

இன்வெர்ட்டர் அண்ணாச்சி

தம்பி, பதினாலு வருசமாக இன்வெர்ட்டர், யுபிஎஸ் சர்வீஸ் பார்க்கிறேன். ஸ்கேட்போர்டு பைத்தியம் பிடித்து நாலு வருசம் ஆகிறது. வயசு நாற்பத்தொன்று. வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காதே.

முதலில் அந்த 9900. 18650 அளவு டப்பாவுக்குள் அவ்வளவு அடைக்கவே முடியாது. பெயருள்ள கம்பெனிகளின் செல்லே 3500 பக்கத்தில் நின்றுவிடும். 9900 என்று எழுதியதைத் தராசில் வைத்துப் பார், நல்ல செல் 45 கிராம் பக்கம் வரும், இவற்றில் பல அதற்கும் கீழே நிற்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்றவனுக்கே தெரியாது.

அடுத்து நீ கேட்காத கேள்வி. நீ எம்ஏஹெச்சை மட்டும் பார்க்கிறாய். இந்த வேலைக்கு ஒரு செல் ஒரே நேரத்தில் எத்தனை ஆம்ப்ஸ் கொடுக்கும் என்பதுதான் முதல் கேள்வி. தொட்டி பெரிசா என்பது அப்புறம், குழாய் பெரிசா என்று முதலில் பார். சாதாரண லேப்டாப் செல் 2200 எம்ஏஹெச், சுமார் 4 ஆம்ப்ஸுக்கு மேல் கேட்டால் முனகும். நீ மேடு ஏற 30 ஆம்ப்ஸ் இழுப்பாய் என்று வை, எட்டு செல் பக்கவாட்டில் போட வேண்டும். 80 செல், மூன்றரை கிலோவுக்கு மேல் கனம். அதுவும் பழைய செல். மேலே ஓசிசெல் தம்பி சொன்ன இருமல் இதனால்தான்.

30க்யூ 3000 எம்ஏஹெச், 15 ஆம்ப்ஸ் செல். 3500 எம்ஏஹெச் சாம்சங் 35இ கூட இருக்கிறது, ஆனால் அது 8 ஆம்ப்ஸ்தான். கடைக்காரர் "இது கூடுதல் கெப்பாசிட்டி, இதை எடுத்துக்கொள்" என்பார், மாட்டிக்கொள்ளாதே. பணம் இருந்தால் 21700 சைஸில் மோலிசெல் பி42ஏ, 4200 எம்ஏஹெச், 45 ஆம்ப்ஸ். ராஜா செல். 2பி போட்டாலே உனக்கு மிச்சம். ஆனால் போலி அதிலும் உண்டு, யாரிடம் வாங்குகிறாய் என்று பார்.

இப்போது உன் கணக்கு. 68 கிலோ ஆள், சென்னை மாதிரி சமதளம், கிலோமீட்டருக்கு 12 வாட் அவர் என்று வைத்துக்கொள். 15 கிலோமீட்டருக்கு 180. 10எஸ் 2பி 30க்யூ என்றால் 36 வோல்ட், 6 ஆம்பியர் அவர், 216 வாட் அவர். அடி வரை உறிஞ்சக் கூடாது, 85 சதவீதம் என்றால் 184. காகிதத்தில் சரி, எதிர்காற்றில் வீட்டுக்கு நடந்து வருவாய். 3பி என்றால் 324, கையில் 275. அதைவிட முக்கியம், அதே 30 ஆம்ப்ஸை இரண்டு செல் பகிர்ந்தால் தலைக்கு 15, எல்லையில் நிற்கும், சூடாகும். மூன்று பகிர்ந்தால் தலைக்கு 10. பேக் நாலு வருசம் இருக்கும். 3பி கட்டு.

12எஸ் வேண்டாம். உன் பல்லும் சக்கரமும் வைத்துக் கணக்குப் போட்டேன், 36 வோல்ட்டுக்கே சுமை இல்லாமல் மணிக்கு 45 கிலோமீட்டர் வருகிறது. 12எஸ் போட்டால் 53. நம் ரோட்டில் அந்த வேகத்தில் ஒரு சின்ன ஜல்லிக்கல் போதும். அத்தோடு 12எஸ் முழுச் சார்ஜில் 50.4 வோல்ட். 60 வோல்ட் என்று எழுதியதைப் பிரேக் போடும்போது எகிறும் வோல்டேஜ் எட்டிப் பார்க்கும். 10எஸ் 42தான், நிம்மதி.

பிஎம்எஸ் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் பலகையில் எல்லாரும் செய்வது போல மோட்டார் கரண்டும் பிஎம்எஸ் வழியாகவே போகும்படி வயர் போட்டேன். காமன் போர்ட் வகை, சார்ஜுக்கும் மோட்டாருக்கும் ஒரே வாசல். சென்னையில் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. பொங்கல் லீவுக்கு மச்சினன் வீட்டுக்குக் கோத்தகிரி போனபோது பலகையையும் தூக்கிப் போனேன். ராத்திரி முழுக்கச் சார்ஜ், 42 வோல்ட் டாண் என்று நிற்கிறது. காலையில் அவன் வீட்டு வாசலிலிருந்தே இறக்கம். ஏறினேன், பிரேக் பிடித்தேன், பிடித்தது. இருபது மீட்டர் போனதும் பிரேக் இல்லை. சுத்தமாக இல்லை.

நம் பலகையில் பிரேக் என்பது மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குள் கரண்டைத் திருப்பித் தள்ளுவதுதான். தொட்டி ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. பிஎம்எஸ் "செல்லுக்கு மேல் சார்ஜ்" என்று பார்த்துக் கதவைச் சாத்திவிட்டது. கரண்டுக்குப் போக இடமில்லை, வோல்டேஜ் எகிறியது, வெஸ்க் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மோட்டாரை விட்டுவிட்டது. பிஎம்எஸ் தன் வேலையைச் செய்தது, வெஸ்க்கும் தன் வேலையைச் செய்தது. நான் தேயிலைச் செடிக்குள் குதித்தேன். முழங்கை முழுக்கக் கீறல். மச்சினன் இன்றைக்கும் விருந்தாளி வந்தால் அந்தச் செடியைக் காட்டுகிறான்.

ஆகவே பிஎம்எஸ் சார்ஜுக்கு மட்டும். சார்ஜர் பிஎம்எஸ் வழியாக வரட்டும், மோட்டாருக்குப் பேக்கிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராகப் போகட்டும். அப்படிச் செய்தால் 15 ஆம்ப்ஸ் சின்ன பிஎம்எஸ்ஸே போதும், காசும் மிச்சம். ஆனால் காவல் பொறுப்பு வெஸ்க் செட்டிங்குக்கு வந்துவிடும், அதை மறக்காதே. பேட்டரி மேக்ஸ் 30 ஆம்ப்ஸ். 30க்யூவுக்குள் சார்ஜாக 4 ஆம்ப்ஸ் வரைதான் அனுப்பலாம், மூன்று செல்லுக்கு 12, ஆகவே பேட்டரி ரீஜென் (பிரேக்கில் திரும்பி வரும் கரண்ட்) மைனஸ் 10. கட்ஆஃப் (சார்ஜ் குறைந்ததும் வெஸ்க் சக்தியைக் குறைத்து நிறுத்துவது) ஆரம்பம் 34 வோல்ட், முடிவு 31. இறக்கத்திலிருந்து கிளம்புகிற ஊர் என்றால் சார்ஜை 41 வோல்ட்டில் நிறுத்து.

ஃபியூஸ் வாங்கும்போது கார் கடையில் கிடைக்கும் சாதா பிளேடு ஃபியூஸ் வாங்காதே. அவை 32 வோல்ட்டுக்கு. உன் பேக் 42. எரிந்து அறுந்தாலும் இடைவெளியில் ஆர்க் நின்று எரிந்துகொண்டே இருக்கலாம். 58 வோல்ட் என்று அச்சிட்டதைத் தேடு. மெயின் வயர் சிலிக்கான் உறை போட்டது, 12 கேஜ். ஆன் ஆஃப்புக்கு எக்ஸ்டி90 எஸ் கனெக்டர், பச்சை நிற வளையம் உள்ளது. உள்ளே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அது இல்லாமல் சொருகினால் வெஸ்க்கின் கெப்பாசிட்டர் ஒரே மடக்கில் கரண்டைக் குடிக்கும், "டப்" என்று தீப்பொறி வரும், பின் கருகும்.

சால்டரிங் பற்றி என்னைவிடத் தெரிந்த ஆள் இங்கே உண்டு, அவர் வருவார். கடைசியாக, ஹாஸ்டல் ரூமில் சார்ஜ் போடாதே. கட்டிலுக்கு அடியில் கண்டிப்பாகப் போடாதே.

வெல்டிங் லைன்

அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். ஒரகடம் பக்கம் ஒரு பேட்டரி பேக் அசெம்பிளியில் வெல்டிங் லைனில் ஏழு வருஷமாக இருக்கிறேன்.

தம்பி, செல் மேல் நேராக ஈயம் வைக்காதே. ஸ்பாட் வெல்டில் சூடு சில மில்லி செகண்டுதான் இருக்கும். உன் 60 வாட் அயர்ன் ஒரு புள்ளியில் நாலைந்து செகண்டு நிற்கும், நெகட்டிவ் அடிப்பக்கம் வழியாகச் சூடு நேராக உள்ளே இறங்கும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்புப் படலம் சுருங்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது மாதம் ஒரு குரூப் (பக்கவாட்டில் சேர்ந்த மூன்று செல்) மட்டும் தானாக இறங்க ஆரம்பிக்கும். மினி ஸ்பாட் வெல்டர் வாடகைக்கோ இரவலுக்கோ பார், உன் கல்லூரியில் வண்டி செய்யும் கிளப் இருந்தால் அவர்களிடம் இருக்கும்.

நிக்கல் பட்டை வாங்கும்போது சுத்த நிக்கலா, இரும்பின் மேல் முலாமா என்று பார். காந்தம் இரண்டிலும் ஒட்டும், அதனால் காந்தத்தை நம்பாதே. உப்புக் கரைசலில் ஒரு துண்டைச் சுரண்டிப் போட்டு இரண்டு நாள் வை. துரு பிடித்தால் இரும்பு. 8 மில்லிமீட்டர் அகலம், 0.15 தடிமன் உள்ள சுத்த நிக்கல் 5 முதல் 7 ஆம்ப்ஸ் வரை சூடில்லாமல் எடுத்துப் போகும். உனக்கு ஒரு செல்லுக்கு 10 வருகிறது, ஆக சீரியஸ் இணைப்புகளில் இரண்டு அடுக்கு வை. வெல்ட் பண்ணியதும் ஒரு பட்டையைக் குறடால் இழுத்துப் பார், பழைய செல்லில் பழகிக்கொள். பட்டை கிழிந்து புள்ளி செல்லிலேயே தங்க வேண்டும். சுத்தமாக உரிந்து வந்தால் அது வெல்டே இல்லை.

பாசிட்டிவ் தலையில் மோதிரம் போல ஃபிஷ் பேப்பர் (மின்சாரம் கடத்தாத தடித்த காகிதம்) ஒட்டு, முப்பது செல்லுக்கும். 18650இல் உடம்பு முழுக்க நெகட்டிவ், அந்த உடம்பின் விளிம்பு பாசிட்டிவ் மூக்கைச் சுற்றியே மடங்கி இருக்கிறது. நடுவில் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறைதான். அதன் மேல் நிக்கல் பட்டை அதிர்ந்து அதிர்ந்து உரசினால் என்ன ஆகும் என்று யோசி. எங்கள் லைனில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் இந்த மோதிரம் ஒட்டும் வேலை மட்டும்தான் கொடுப்பார்கள். அலுத்துப்போய்ச் சிலர் வேலையை விட்டே போயிருக்கிறார்கள்.

இப்போது உன் பலகை. அமுங்கும் என்று எழுதியிருக்கிறாய், அதைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். பலகை நீளவாக்கில் வளையும், அகலவாக்கில் வளையாது. அதனால் இரண்டு குரூப்பை அகலத்தில் பக்கம் பக்கமாக வை, ஆறு செல், சுமார் 11 சென்டிமீட்டர். அப்படி ஐந்து வரிசை. வரிசைக்குள் இருக்கும் இரண்டு குரூப்பை நிக்கலால் சேர்க்கலாம். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் நிக்கல் கூடாது. வளைந்து நிமிர்ந்து வளைந்து நிமிர்ந்து, பால் டப்பா மூடி மாதிரி ஒரு நாள் ஒடியும். அந்த நாலு இடத்திலும் சிலிக்கான் வயரைக் கொஞ்சம் தொங்கலாக விட்டு இணை. வயரை முதலில் நிக்கல் பட்டையில் ஈயம் வைத்துச் சேர்த்துவிட்டு, அப்புறம் அந்தப் பட்டையைச் செல்லில் வெல்ட் பண்ணு. வரிசைகளுக்கு நடுவில் அரை அங்குலம் விடு, ஸ்பாஞ்ச் வை. ஒட்டுவதற்கு சிலிக்கான் வாங்கினால் வினிகர் வாடை அடிப்பதை வாங்காதே, அது உலோகத்தை அரிக்கும். நியூட்ரல் என்று போட்டது கேள்.

பேலன்ஸ் வயர், அதாவது ஒவ்வொரு குரூப்பின் வோல்டேஜையும் பிஎம்எஸ்ஸுக்குக் காட்டுவது, பதினொன்று. மெல்லிய வயர், யாரும் மதிக்க மாட்டார்கள். ஒவ்வொன்றும் அடுத்த குரூப்பின் நிக்கல் மேலேதான் ஓடும், உறை தேய்ந்தால் ஷார்ட். கீழே ஃபிஷ் பேப்பர், மேலே சூடு தாங்கும் கப்டான் டேப்.

விளக்குக்கம்பம்

எல்லாரும் ஒரே வகை லித்தியம் செல்லையே பிடித்துத் தொங்குகிறீர்கள். சோலார் தெருவிளக்கில் போடும் 32700 லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் இருக்கிறதே, 3.2 வோல்ட், 6 ஆம்பியர் அவர். பன்னிரண்டு போட்டால் 38.4 வோல்ட், 230 வாட் அவர். தீப்பிடிக்கும் பயம் மிகக் குறைவு, ஆயிரக்கணக்கான சார்ஜ் சைக்கிள் வரும், ஊருக்கு ஊர் கிடைக்கும். படுக்க வைத்தால் 32 மில்லிமீட்டர்தான். நான் ஒன்றரை வருடமாக ஓட்டுகிறேன்.

இன்வெர்ட்டர் அண்ணாச்சி

நல்ல செல்தான், மறுக்கவில்லை. வீட்டு இன்வெர்ட்டருக்கு நானே அதைத்தான் சொல்கிறேன். ஆனால் பன்னிரண்டை ஒற்றை வரிசையாகப் போட்டால் நல்லதாக இருந்தாலும் 18 ஆம்ப்ஸ் பக்கம்தான் கொடுக்கும். கடற்கரை ரோட்டுக்குப் போதும், மேம்பாலம் ஏறப் போதாது. இன்னொன்று, அதன் வோல்டேஜ் கடைசி வரை ஒரே இடத்தில் நின்றுவிட்டுத் திடீரென்று விழும். மீட்டரைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாது. தம்பி ஹாஸ்டலில் இருப்பதால் தீ விஷயத்தில் நீங்கள் சொல்வதற்கு ஒரு மார்க் கூட. முடிவு அவனுடையது.

பலகைவண்டி

அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. அப்பாவிடம் பேசி 30க்யூ முப்பது வாங்கிவிட்டேன். எடை போட்டேன், எல்லாம் 45க்கும் 47க்கும் நடுவில். வோல்டேஜும் எல்லாம் 3.60க்கு மேல் கீழ் 0.01. ஃபார்முலா கிளப் சீனியர் ஸ்பாட் வெல்டர் கொடுத்தார். மோதிரம் ஒட்டவே ஒரு ராத்திரி ஆனது, அக்கா சொன்னது புரிந்தது.

பேலன்ஸ் கனெக்டரை பிஎம்எஸ்ஸில் சொருகும் முன் கறுப்பு வயரிலிருந்து ஒவ்வொரு பின்னாக அளந்தேன். 3.6, 7.2, 10.8, 14.4, அடுத்தது மறுபடி 14.4, அப்புறம் 21.6. அதன் பிறகு எல்லாம் சரியாக 36 வரை போகிறது. ஐந்தாவது குரூப் செத்துவிட்டதா?

வெல்டிங் லைன்

செத்திருந்தால் ஆறாவது பின் 18இல் நிற்கும். 21.6 வருவதால் குரூப் நன்றாக இருக்கிறது. ஐந்தாவது வயரை நாலாவது இடத்திலேயே ஈயம் வைத்திருக்கிறாய். கழற்றி சரியான இடத்தில் வை, வைக்கும்போது வயரின் மறுமுனை எங்கும் படாமல் டேப் சுற்றிக்கொள். அப்படியே சொருகியிருந்தால் பிஎம்எஸ் ஐந்தாவது குரூப்பை 0 என்றும் ஆறாவதை 7.2 என்றும் பார்த்திருக்கும், சிப் புகைந்திருக்கும். அளந்தாயே, அது போதும்.

பலகைவண்டி

அதேதான் அக்கா, நாலாவது இடத்தில் இரண்டு வயர் இருந்தது. மாற்றியதும் 18.0 வந்துவிட்டது.

நேற்று முதல் ஓட்டம். கேம்பஸ் உள்ளே, ஹெல்மெட், முழங்கால் பேட் எல்லாம் போட்டு. 41 வோல்ட்டில் கிளம்பினேன். 11.4 கிலோமீட்டர். வெஸ்க் ஆப்பில் 141 வாட் அவர் காட்டியது, அண்ணாச்சி சொன்ன 12க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து அளந்தால் 37 வோல்ட். மூடியைத் திறந்து வரிசை வயர்களைத் தொட்டுப் பார்த்தேன், கை சூடு அளவுதான். மூன்றாவது வரிசை ஸ்பாஞ்ச் மட்டும் நகர்ந்திருந்தது, ஒட்டிவிட்டேன். லைப்ரரி பக்கச் சரிவில் பிரேக் நாலு தடவை பிடித்துப் பார்த்தேன், நாலு தடவையும் பிடித்தது. சித்தப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன், பலகை நன்றாக வளைகிறது என்று பதில் போட்டிருக்கிறார்.

இன்வெர்ட்டர் அண்ணாச்சி

சந்தோஷம் தம்பி. சார்ஜ் எங்கே போடுகிறாய் என்று மட்டும் எழுதவில்லையே?

பலகைவண்டி

மொட்டை மாடி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சிமெண்ட் தரையில் அண்ணாச்சி. பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கிறேன். நான் படிக்கிறேன் என்று வார்டன் சந்தோஷமாக இருக்கிறார்.